கல்லில் மூன்றாவது பெயர்

இருபத்திரண்டாம் விதி, நான்காம் உட்பிரிவு: "இங்கே அடக்கம் செய்யப்படாத குடும்பத்தவர் ஒருவரின் பெயரை, நிலத்தின் உரிமையாளர் கேட்டுக்கொண்டால், நினைவுக்கல்லில் பொறிக்கலாம். இறப்புச் சான்றிதழையோ ஏற்புடைய வேறு ஆவணத்தையோ இணைக்க வேண்டும். விண்ணப்பம் கிடைத்து முப்பது வேலை நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரப்படும்."

நல்ல விதி. நான் நாற்பது ஆண்டுகள் இரண்டு நாடுகளில் விதிகளோடு வாழ்ந்தவன். முதலில் இலங்கையின் வடக்கில் ஓர் அரச அலுவலகத்தின் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில், பிறகு ரொறன்ரோவில் ஒரு வீடமைப்பு அலுவலகத்தில். ஒரு விதியை வாசித்ததும், அதை எழுதியவர் மனிதர்களைச் சந்தித்திருக்கிறாரா இல்லையா என்று சொல்லிவிடுவேன். இதை எழுதியவர் சந்தித்திருக்கிறார். "ஏற்புடைய வேறு ஆவணம்" என்ற மூன்று சொற்களால் ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார். அந்தக் கதவைப் பூட்டியவன் நான்தான்.

நாங்கள் ரொறன்ரோவின் ரெக்ஸ்டேலில் முதியோருக்கான ஒரு கட்டடத்தில் இருக்கிறோம், நானும் மனைவியும், ஏழாவது மாடியில். நான் குடியிருப்போர் குழுவின் செயலாளர். வேறு யாரும் கேட்காத பதவி என்பதால் ஒவ்வோர் ஆண்டும் ஏகமனதாகத் தெரிவாகிறேன். அந்தப் பதவியின் பொருட்டுத்தான் எதிர்வீட்டு அம்மாவின் கதவை முதல் தடவை தட்டினேன். நவம்பர் மாதத்தின் நான்காவது சனிக்கிழமை. பிற்பகல் நான்கு மணிக்கு மேலாகிவிட்டது, வெளியே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. கீழே வாகனத் தரிப்பிடத்தில் நின்ற ஒருவர், ஏழாம் மாடி யன்னலில் மெழுகுதிரி எரிகிறது என்று எனக்கு முறைப்பாடு செய்திருந்தார். யன்னலோரத்தில் திறந்த சுடர் கூடாது என்பது எங்கள் கட்டடத்தின் விதி.

கதவைத் திறந்தவர் தொண்ணூறைத் தாண்டிய ஒரு சிறிய வெள்ளைக்கார அம்மா. நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆர் நீர்?"

"குழுவின்ர செயலாளர். யன்னலிலை மெழுகுதிரி எரியுது எண்டு முறைப்பாடு வந்திருக்கு."

"ஓம், எரியுது. நான்தான் கொளுத்தினனான்."

"விதிப்படி கூடாது, அம்மா."

"அப்ப உள்ளுக்கு வந்து அணையும். அணைச்சுப்போட்டு, நான்தான் அணைச்சனான் எண்டு ஒரு தாளிலை எழுதிக் கையெழுத்து வைச்சுத் தாரும். போன முறை வந்தவை எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு போச்சினம், ஒருத்தரும் ஒரு துண்டும் எழுதித் தரேல்லை."

"போன முறை எப்ப?"

"முப்பத்திமூண்டிலை."

அவர் பேசியது ஆங்கிலம். தையல் தொழிற்சாலையிலும் தேவாலய மண்டபத்திலும் பொறுக்கிச் சேர்த்த ஆங்கிலம். என்னுடையது சுற்றறிக்கைகளில் படித்தது. இரண்டையும் இங்கே என் ஊர்ப் பேச்சாகவே எழுதுகிறேன். வேறு எப்படி எழுதினாலும் அவருடைய குரல் எனக்குக் கேட்பதில்லை.

உள்ளே போனேன். மெழுகுதிரி ஒரு கண்ணாடிக் குவளைக்குள் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு துண்டுக் கறுப்புப் பாண், அவர்கள் ஊர் ரொட்டி. உக்ரேனியர் அந்த நாளில், அந்த நேரத்தில், உலகில் எங்கிருந்தாலும் யன்னலில் விளக்கு வைப்பார்கள் என்று சொன்னார். பஞ்சத்தில் செத்தவர்களுக்காக. பஞ்சம் என்ற சொல்லைச் சொல்லிவிட்டு அவரே அதைத் திருத்தினார். "மழை பெய்யாமல் வந்தால்தான் பஞ்சம். எங்களுக்கு விளைஞ்சது. விளைஞ்சதை எடுத்தவை."

அதற்கும் விதிகள் இருந்தன. இவ்வளவு தானியம் கொடுக்க வேண்டும் என்று சோவியத் அதிகாரிகள் ஊருக்கு ஒரு கணக்கு வைத்தார்கள். கொடுக்காத ஊரின் பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறும். பட்டியலில் ஏறிய ஊருக்குக் கடையில் உப்பும் நெருப்புப் பெட்டியும் வராது. ஊரை விட்டுப் போகவும் அனுமதி இல்லை. அறுத்த வயலில் விழுந்து கிடந்த கதிரைப் பொறுக்கினால் அதற்குத் தனியாக ஒரு சட்டம். வீட்டுக்கு வந்தவர்கள் தானியத்தோடு, அடுப்பில் வெந்துகொண்டிருந்த அவரையையும் பானையோடு தூக்கிப் போனார்கள் என்றார். நான் கேள்விப்பட்ட விதிகளில் ஒரு குறையும் இல்லாமல் முழுமையாக நிறைவேற்றப்பட்டவை அவைதான்.

அன்று நான் குழுவின் குறிப்பேட்டில் எழுதியது இது: "முறைப்பாடு விசாரிக்கப்பட்டது. சுடர் கண்ணாடிக்குள் இருந்தமையால் அது திறந்த சுடர் அல்ல." மனைவி அதை வாசித்துவிட்டு, "உங்களுக்கும் மனச்சாட்சி எண்டு ஒண்டு கிடக்கு, ஆனால் அதுக்கும் பிரிவு இலக்கம் போடவேணும்" என்றாள்.

அதன் பிறகு போக்குவரத்து உண்டானது. மனைவி அவரை அன்ரி என்று கூப்பிட்டாள். அவர் என்னை மிஸ்டர் செக்ரட்டரி என்று கூப்பிட்டார், எப்போதும் சிறிய கேலியோடு. அவருடைய அலுமாரியில் துணிப் பைகள் நிறையக் காயவைத்த பாண் துண்டுகள் இருந்தன. பூச்சி மருந்து அடிப்பவர்கள் சோதனைக்கு வரும் நாட்களில் அந்தப் பைகளை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து வைப்போம். செயலாளரின் அலுமாரியை யாரும் திறக்க மாட்டார்கள்.

ஏப்ரலில் ஒருநாள், அவருடைய கணவரின் நினைவுநாளுக்கு, கணவரை அடக்கம் செய்த சேமக்காலைக்கு எங்கள் காரில் அவரைக் கூட்டிப் போனோம். சாம்பல் நிறக் கல். மேலே கணவரின் பெயரும் இரண்டு ஆண்டுகளும். கீழே அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, ஒரு சிறிய கோடு, அதற்குப் பிறகு வெறுமை. கணவர் இறந்தபோதே இரண்டையும் பொறித்துவிட்டார்களாம். ஒரே கை வெட்டினால் எழுத்து ஒரே மாதிரி இருக்கும் என்று. உயிரோடிருந்த ஒருவரின் பெயரைக் கல்லில் வெட்டுவதற்கு யாரும் எந்தச் சான்றும் கேட்கவில்லை என்பதை அப்போது நான் கவனித்திருக்க வேண்டும்.

அவர் நடைவண்டியில் சாய்ந்தபடி, தன் பெயருக்குக் கீழே இருந்த இடத்தைக் காட்டினார்.

"இதிலை என்ர தம்பியின்ர பேர் வரவேணும். எனக்குப் பிறகு இல்லை, முதல். நான் பாக்கவேணும்."

தம்பி இருப்பது எங்களுக்கு அதுவரை தெரியாது. இரண்டு வயதில் போய்விட்டான் என்றார். அப்போது அவருக்கு ஐந்து வயது.

"அம்மா அதுக்குப் பிறகு அவன்ர பேரை வாயாலை சொன்னதில்லை. அம்மாவும் போனாப் பிறகு அந்தப் பேர் தெரிஞ்ச ஆள் உலகத்திலை நான் ஒராள்தான். படம் இல்லை, குழி இல்லை, துண்டு இல்லை. நான் கண்ணை மூடினால் அவன் பிறக்கவே இல்லை."

திரும்பி வரும்போது காரில் மனைவி தமிழில் சொன்னாள்: "வாசலிலை கல்லுச் செதுக்கிறவன் இருக்கிறான்தானே. அவனிட்டச் சொன்னால் செதுக்கிப்போட்டுப் போறான். செத்த பிள்ளையின்ர பேரைப் போட ஆரிட்டக் கேக்கிறது?"

"அதுக்கொரு முறை இருக்கு."

"உங்களுக்குப் பல்லு மினுக்கவும் ஒரு முறை இருக்கு."

பின் இருக்கையில் இருந்த அம்மா, அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். மொழிபெயர்த்தேன். சிரித்தார். பிறகு, "முறைப்படியே செய்யும், மிஸ்டர் செக்ரட்டரி" என்றார். "அவனைச் சாகடிச்சதும் முறைப்படிதான். ஒரு கந்தோர் அவன்ர பேரைத் தாளிலை எழுதி முத்திரை குத்தட்டும்."

இதை நான் எனக்குச் சாதகமாகச் சொல்வதாக மனைவி நினைக்கிறாள். அவர் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

விண்ணப்பப் படிவம் ஒரு பக்கம். பெயருக்கு ஒரு கட்டம். அந்தப் பெயரை அவர் தங்கள் எழுத்தில் எழுதிக் காட்டினார், ஐந்து எழுத்துகள். திரும்பத் திரும்ப எழுதிப் பழகியதால் இன்றும் அவர்களுடைய மொழியில் அந்த ஐந்து எழுத்துகளை மட்டும் நான் வாசிப்பேன். இங்கே அதை எழுதப்போவதில்லை. அது போகவேண்டிய இடம் இதுவல்ல.

அடுத்த கட்டம் இறந்த திகதி. அதில் அவர் நின்றுவிட்டார்.

"தெரியாது."

"ஒரு மதிப்பாய்ச் சொல்லுங்கோ. மாசம் எண்டாலும்."

"கொண்டுபோன நாள் தெரியும். குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வெள்ளி. செத்த நாள் தெரியாது." பிறகு சொன்னார். ஒவ்வொரு நாளும் ஒரு வண்டில் வரும், வீடு வீடாகப் பிணம் ஏற்ற. அன்று பக்கத்து வீட்டுக்கு வந்தது. வண்டில்காரன் இவர்கள் வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்தான். தாய் எழும்ப முடியாமல் கிடந்தார். தம்பி சுவரோடு சாய்ந்து இருந்தான். "'இதையும் ஏத்து, நாளைக்கு இன்னொருக்கா இவ்வளவு தூரம் வரேலாது' எண்டு மற்றவனுக்குச் சொன்னவன். தூக்கேக்கை தம்பி என்னைப் பாத்தவன். கண் திறந்திருந்தது. இமை வெட்டினவன்."

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், படிவத்துக்கு முன்னால், இதைச் சொன்னார். மனைவி எழுந்து குசினிக்குள் போனாள். நான் பேனாவைப் பிடித்தபடி இருந்தேன். இறந்த திகதிக்கான கட்டத்தில் "தெரியாது" என்று எழுதினேன்.

இறப்புச் சான்றிதழ் கிடையாது என்பதால் ஒரு சத்தியக்கடதாசி தயாரித்தேன். கண்ணால் கண்ட சாட்சி, உடன்பிறந்தவர், இன்ன ஊர், இன்ன பருவம். இறப்புக்கான காரணம்: பட்டினி. அந்தச் சொல்லை ஓர் உத்தியோகபூர்வத் தாளில் எழுதியது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

எழுத வேண்டியிருந்த முதல் தடவை அது அல்ல. தொண்ணூறுகளில், இடம்பெயர்ந்த சனம் மரத்தடிகளில் இருந்த ஒரு காலத்தில், ஒருவர் தன் மகளின் இறப்பைப் பதிய என் மேசைக்கு வந்தார். மூன்று வயது. காரணம் என்று கேட்டேன்.

"சாப்பாடு இல்லை, ஐயா."

"அப்பிடி எழுதேலாது. வருத்தம் ஒண்டு சொல்லவேணும். காய்ச்சல் இருந்ததோ?"

"கடைசியிலை உடம்பு சுட்டது."

"அப்ப காய்ச்சல்."

அவர் கையெழுத்து வைத்தார். எங்களிடம் இருந்த காரணப் பட்டியலில் பசி என்று ஒரு வரி இல்லை. பட்டியலை நான் தயாரிக்கவில்லை. காய்ச்சலை நான்தான் எழுதினேன், நல்ல உருண்டையான எழுத்தில். என் எழுத்தை மேலதிகாரிகள் பாராட்டுவார்கள்.

ஆகவே எதிர்வீட்டு அம்மாவின் விண்ணப்பத்தில் ஒரு சிறிய குறைகூட இருக்கக்கூடாது என்று நினைத்தேன். ஒரு பக்கப் படிவத்துக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினேன். இறப்புச் சான்றிதழ் ஏன் இல்லை, எந்த வரலாற்றுச் சூழலில் பதிவுகள் நடைபெறவில்லை, எந்த உட்பிரிவின் கீழ் சலுகை கோரப்படுகிறது என்று. சத்தியக்கடதாசி, அவருடைய குடியுரிமைப் பத்திரம், யுத்தத்துக்குப் பிறகு அவர் அகதியாக இருந்த ஜேர்மனிய முகாமின் அட்டை என்று ஏழு இணைப்புகள். ஒவ்வொன்றிலும் இலக்கம்.

சேமக்காலை அலுவலகத்தின் முகப்பில் ஒரு பெண் இருந்தார். நாள்தோறும் பிக்கரிங்கிலிருந்து ரயிலில் வருகிறவர், முகத்தில் அந்தப் பயணத்தின் களைப்பு. படிவத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு கடிதத்தை வாசித்தார். முழுவதையும் வாசித்தார்.

"சேர், இந்தப் படிவத்திலை பேரையும், 'உக்ரேன், 1933' எண்டும் மட்டும் எழுதியிருந்தால் நான் இப்பவே முத்திரை குத்தியிருப்பன். இதைவிடப் பழைய பேரெல்லாம் போடுகினம். ஆனால் நீங்களே சான்றிதழ் இல்லை எண்டு கடிதம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறியள். வாசிச்சாப் பிறகு வாசிக்கேல்லை எண்டு நான் சொல்லேலாது. இது சட்டப் பிரிவுக்குப் போகவேணும்."

அவருடைய கையில் முத்திரை இருந்தது. அதைக் கீழே வைக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையின் பொருள் எனக்குப் பிறகுதான் விளங்கியது. கடிதத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று நான் சொல்வதற்காகக் காத்திருந்தார். மேசையில் இருந்து மூன்று தாள்களை எடுத்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தால் போதும்.

நான் சொன்னது: "கடிதத்திலையும் பெறப்பட்டது எண்டு ஒரு முத்திரை குத்தித் தாங்கோ."

குத்தித் தந்தார்.

முப்பது வேலை நாட்கள் போயின. எழுத்தில் பதில் வரவில்லை. நினைவூட்டல் அனுப்பினேன். இரண்டாவது நினைவூட்டலை இரண்டாவது நினைவூட்டல் என்று தலைப்பிட்டு அனுப்பினேன். இலையுதிர்காலத்தில் ஒருநாள் தொலைபேசியில் ஓர் இளம் குரல் மிகுந்த மரியாதையோடு விளக்கியது: சத்தியக்கடதாசி கவனத்தில் எடுக்கப்பட்டது, ஆனால் சம்பவ நேரத்தில் சாட்சியின் வயது ஐந்து, ஆகவே சுயாதீனமான ஒரு பதிவு இருந்தால் நல்லது.

"சம்பவ நேரத்திலை வயது வந்த சாட்சிகள் எல்லாரும் அதே சம்பவத்திலை செத்துப்போச்சினம்" என்றேன்.

"ஐ அண்டர்ஸ்டாண்ட், சேர்" என்றது குரல்.

அம்மாவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "சுயாதீனமான பதிவு எண்டால், வண்டில்காரன்ர கடதாசி வேணுமாமோ?" என்று கேட்டார்.

அவர் பிறந்த ஊர் இருந்த மாகாணத்தின் ஆவணக் காப்பகத்துக்கு எழுதினோம். உக்ரேனிய மொழியில் அவரே எழுதினார், நான்கு ஆண்டுகள் மட்டும் பள்ளிக்குப் போன ஒரு சிறுமியின் கையெழுத்தில். இரண்டு நாட்கள் எடுத்தது. அங்கே இப்போதும் யுத்தம். தானாக வந்த மின்னஞ்சல் ஒன்று, ஆவணங்கள் பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்தப்பட்டுள்ளன, பதில் தாமதமாகலாம், மன்னிக்கவும் என்றது. அதை அச்செடுத்து, மேல் வலது மூலையில் பென்சிலால் கிடைத்த திகதியை எழுதிக் கோப்பில் வைத்தேன். வரும் எந்தத் தாளிலும் முதலில் கிடைத்த திகதியை எழுதுவது என் உத்தியோக காலத்துப் பழக்கம். குண்டு விழும் ஊரில் இருந்து எனக்கு மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தார்கள். நகரின் மேற்கே, புல் வெட்டி, பூ வைத்து, அமைதியாக இருந்த சேமக்காலை அலுவலகத்தில் இருந்து ஒரு வரி வரவில்லை.

அடுத்த மே மாதம். மே பதினெட்டுக்கு எங்கள் ஆட்கள் இந்த நகரில் பல இடங்களில் கஞ்சி காய்ச்சுவார்கள், யுத்தத்தின் கடைசி நாட்களில் வன்னியில் சனம் குடித்த கஞ்சி. அதற்கும் இங்கே மூன்று அமைப்புகள் மூன்று மண்டபங்களில் தனித்தனியாகக் காய்ச்சும். நான் ஒன்றுக்கும் போவதில்லை. மனைவி வீட்டில் காய்ச்சுவாள். அந்த ஆண்டு ஒரு கிண்ணத்தில் எதிர்வீட்டுக்குக் கொண்டுபோனாள். நான் பின்னால் போனேன்.

அம்மா ஒரு கரண்டி குடித்தார். "உப்பை மறந்துபோனீர், பிள்ளை."

"மறக்கேல்லை, அன்ரி. உப்பில்லாமல்தான்."

அவர் மனைவியைப் பார்த்தார். எந்த ஆண்டு என்று மட்டும் கேட்டார். இரண்டாயிரத்து ஒன்பது என்றாள். "ஐயோ, அது நேற்று" என்றார். கிண்ணத்தை முழுவதும் குடித்து, விரலால் சுற்றி வழித்து, அந்த விரலையும் நக்கினார். எங்களுக்கு முன்னால் வெட்கப்படவில்லை. பிறகு, என்னைப் பார்த்துச் சொன்னார்:

"மிஸ்டர் செக்ரட்டரி, எனக்கு இன்னும் எத்தனை வேலை நாள் இருக்கு எண்டு உம்மட விதியிலை எங்கையாவது கிடக்கோ?"

அடுத்த கிழமை மூவரும் கல் செதுக்குபவரிடம் போனோம். மனைவியின் ஏற்பாடு. சேமக்காலை வாசலுக்கு எதிரே அவருடைய கொட்டகை. போர்த்துக்கேயர், மயிரெல்லாம் கல்தூசி. ஐந்து எழுத்துகளையும் ஒரு தாளில் வாங்கிப் பார்த்தார்.

"வியாழக்கிழமை காலமை செய்யலாம். அரை மணித்தியால வேலை."

"அனுமதிக் கடிதம் இன்னும் வரேல்லை" என்றேன்.

"ஐயா, அங்கை ஆயிரக்கணக்கிலை கல்லு. ஆர் வந்து எண்ணிப் பாக்கிறது?"

மனைவி என்னைப் பார்த்தாள். அம்மாவும் என்னைப் பார்த்தார். அவர் கேட்டிருந்தால் கல்காரர் அந்த வியாழனே செய்திருப்பார். கல் அவருடையது, தம்பி அவருடையவன். ஆனால் அவர் என்னைப் பார்த்தார். செயலாளர் என்பதால். இரண்டு நாடுகளில் நாற்பது ஆண்டுகள் என்பதால்.

பத்தொன்பதாம் விதியைச் சொன்னேன். அனுமதியில்லாத எழுத்தை நிர்வாகம் உரிமையாளரின் சம்மதம் இல்லாமலே அகற்றலாம். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "பிறகு ஒருநாள் ஆராவது கண்டு, அதை உரஞ்சி அழிச்சால்?" என்றேன். "அவனை ரெண்டாந்தரமும் இல்லாமல் செய்த மாதிரி ஆகும்."

அவருடைய முகம் மாறியதை நான் பார்த்தேன். தாளைத் திருப்பி வாங்கி, நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"சரி. பாத்துக்கொண்டிருப்பம்."

வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திய பிறகு மனைவி சொன்னாள்: "அந்த மனிசியைப் பயப்படுத்திப்போட்டியள். அதுவும் அவவின்ர தம்பியைக் காட்டி."

"நான் உள்ளதைத்தானே சொன்னனான்."

"அதுதான். நீங்கள் எப்பவும் உள்ளதைத்தான் சொல்லுறியள்."

மேலும் ஒரு நவம்பர் வந்தது. கண்ணாடிக் குவளைக்குள் சுடரைக் கொளுத்த, அவர் நெருப்புப் பெட்டியை மனைவியிடம் நீட்டினார். பனி கரையும் முன், மார்ச் மாதத்தில், பின்னேரம் நித்திரைக்குப் போனவர் எழும்பவில்லை. கதவைத் திறந்தவர்களில் நானும் ஒருவன். படுக்கைக்குப் பக்கத்து மேசையில் ஒரு துண்டுக் கறுப்புப் பாண், துணியால் மூடியபடி. கைப்பை கட்டிலின் காலடியில் இருந்தது. அதற்குள் அந்தத் தாள் இருக்கும் என்று எனக்குத் தெரியும். திறந்து பார்க்க எனக்கு அதிகாரம் இல்லை.

ஒஷாவாவில் இருந்து மகன் வந்தார். கார்த் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரிய மனிதர், என் வயதுதான். அடக்கத்துக்குப் பிறகு விண்ணப்பக் கோப்பை அவரிடம் கொண்டுபோனேன். இதற்கிடையில் சேமக்காலையில் இருந்து முதல் தடவையாக எழுத்தில் ஒன்று வந்திருந்தது, அந்த அம்மாவின் முகவரிக்கு: விண்ணப்பதாரர் காலமானதால் விண்ணப்பம் முடிவுறுத்தப்பட்டது, நிலத்தின் புதிய உரிமையாளர் விரும்பினால் புதிதாக விண்ணப்பிக்கலாம். அதிலும் கிடைத்த திகதியை எழுதியிருந்தேன்.

புதிய உரிமையாளர் மகன். நான் படிவத்தை நிரப்பியே கொண்டுபோயிருந்தேன், ஒரு பக்கம், கடிதம் இல்லாமல். கையெழுத்து மட்டும் போதும்.

அவர் அதைத் தொடவில்லை. "வேண்டாம், சேர். காணும்" என்றார். "எனக்கு அந்தப் பிள்ளையைத் தெரியாது. அம்மா குசினியிலை நிண்டு அழுறதுதான் தெரியும். சின்னனிலை நான் சாப்பாட்டை மிச்சம் விட்டால், தன்ர தம்பியின்ர பேரைச் சொல்லி அடிப்பா. அறுபது வருசமா எனக்கு அந்தப் பேர் எண்டால் அடிதான். கல்லிலையும் அதைப் பாக்கவேணுமோ?"

படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தேன்.

கல் செதுக்குபவர் ஒரு வியாழக்கிழமை காலையில் சிறிய கோட்டுக்குப் பின்னால் நான்கு இலக்கங்களை வெட்டினார். நானும் மனைவியும் போய் நின்றோம். உண்மையிலேயே அரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. வேலை முடிந்து தூசியைத் துடைத்தபோது, கீழே இருந்த வெறும் இடத்தை உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டு என்னைப் பார்த்தார். கேட்கவில்லை. அந்த ஐந்து எழுத்துகள் எனக்கு மனப்பாடம். அவரிடம் உளி இருந்தது. கல்லுக்கு அருகில் அப்போது என்னைத் தடுக்கக்கூடியது ஒன்றும் இல்லை, நிலத்தின் உரிமையாளர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்ற ஒன்றைத் தவிர. நான் அந்த ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

பிறகு காப்பகத்தின் பதில் வந்தது. நீண்ட தாமதத்துக்கு மறுபடியும் மன்னிப்பு. இணைப்பில், கிராம இறப்புப் பதிவேட்டின் ஒரு பக்கத்தின் படம். கைத்தொலைபேசி மொழிபெயர்த்துத் தருவதற்கு முன்பே, மேலிருந்து ஆறாவது வரியில் ஐந்து எழுத்துகளையும் நான் கண்டுவிட்டேன். அருமையான கையெழுத்து, ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. வயது இரண்டு. காரணம்: உடல் பலவீனம். அந்தப் பக்கத்தில் இருபத்தொரு பெயர்கள், இருபத்தொருவருக்கும் உடல் பலவீனம். அந்த எழுதுவினைஞரை எனக்குத் தெரியும். நான் என்றால் காய்ச்சல் என்று எழுதியிருப்பேன்.

இறந்த திகதியும் இருந்தது. பழைய நாட்காட்டி ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அது குருத்தோலை ஞாயிறு. வண்டில் வந்த வெள்ளியில் இருந்து இரண்டாம் நாள். அந்த இரண்டு நாட்களும் பிள்ளை எங்கே இருந்தான் என்று எழுதப் பதிவேட்டில் கட்டம் இல்லை. எழுதுவினைஞர் நேரம் கிடைத்த நாளின் திகதியைப் போட்டிருக்கவும் கூடும். நானும் அப்படிப் போட்டிருக்கிறேன். எது உண்மை என்று கேட்பதற்கு ஆள் இல்லை. அதை அம்மா அறியாமல் போனது நல்லது என்று மனைவி சொன்னாள். பெயரும் முத்திரையுமாக ஒரு கந்தோர்த் தாள் இருந்தது என்பதையும் அவர் அறியாமல்தான் போனார்.

அச்செடுத்தேன். ஏற்புடைய ஆவணம். எந்தச் சட்டப் பிரிவும் குறை சொல்ல முடியாது. கோப்பில் வைப்பதற்கு முன், மேல் வலது மூலையில், பென்சிலால்:

கிடைத்தது: 2025 மே 6, செவ்வாய்க்கிழமை.